சும்மா ஐந்து நிமிடம்

"பேரு போடணும் சார்."

எழிலரசி இதைச் சொன்னபோது தேனருவி பிக்சர்ஸ் முதலாளி கோதண்டம் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

"எங்கம்மா போடணும்?"

"திரையில. கதாநாயகி பேருக்குக் கீழ. 'உணர்வு: எழிலரசி'. அவ்ளோதான்."

இந்தத் தொழிலுக்கு வந்த மூன்று வருடத்தில் எல்லோரும் அவளுக்கு ஒரே புத்திதான் சொல்லியிருந்தார்கள். ரெக்கார்டிங் பார்க்கும் தஸ்தகீர் பாய் சொன்னார். மேக்கப் அம்மா சொன்னார். வாசலில் நிற்கும் வாட்ச்மேன்கூடச் சொன்னார். சம்பளம் கேள், சாப்பாடு கேள், லீவு கேள். பேரை மட்டும் கேட்காதே. கேட்ட அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்பாய்.

எழில் வெளியே நிற்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். ரெக்கார்டிங் இல்லாத நாள். சண்டை போடத் தெம்பு வேண்டும் என்று சென்ட்ரலில் இறங்கி நான்கு இட்லி சாப்பிட்டிருந்தாள். மீஞ்சூரிலிருந்து வரும் ரயிலில் ஏழெட்டுப் பதில்களைக் கூர் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. கோதண்டம் ஸ்பூனால் பிஸ்கட்டைத் துழாவி எடுத்துத் தின்றுவிட்டுச் சிரித்தார்.

"போட்டுட்டாப் போச்சு!"

உதைத்துத் திறக்கலாம் என்று ஓடிவந்த கதவு முன்பே திறந்து கிடந்தால் எப்படி இருக்கும்? எழில் உள்ளே விழாத குறைதான்.

"நிஜமாவா சார்?"

"பெரிய எழுத்துலயே போடுவோம். உட்காரும்மா. நின்னுக்கிட்டே இருக்கியே."

மூன்று வருடத்தில் அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

விஷயம் புரிவதற்கு இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டில் படம் பார்க்கிறவர்கள் கண்ணாலும் காதாலும் மட்டும் பார்த்த காலம் போய்விட்டது. இப்போது நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். திரையில் கதாநாயகி கலங்கினால் பார்க்கிறவளுக்குத் தொண்டை அடைக்கும். அவள் காதலித்தால் இவளுக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் அது கதாநாயகியின் நெஞ்சு கிடையாது. கேமரா முன்னால் நிற்கும்போது அவளுக்கு இருப்பது வசனம் மறந்துவிடுமோ, மை கலைந்துவிடுமோ என்ற கவலைதான். அந்தக் கவலையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால் பின்னணிக் குரலுக்கு ஆள் வைப்பதுபோல உணர்ச்சிக்கும் ஓர் ஆளை வைத்தார்கள். காகிதத்தில் 'உணர்வுப் பதிவுக் கலைஞர்'. யூனிட்டில் 'ஃபீல் பொண்ணு'.

இதை வீட்டுக்குக் கொண்டுபோக இரண்டு பெட்டிகள் கடைக்கு வந்தன. இரண்டுக்கும் வாயில் நுழையாத கம்பெனிப் பெயர்கள். ஜனங்கள் ஒன்றை ஒத்தை என்றார்கள், இன்னொன்றைக் கூட்டு என்றார்கள். கூட்டுப் பெட்டியில் நாற்பது பேருடைய உணர்ச்சியைக் கலந்து, முள்ளெடுத்து, ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதாகக் கொடுத்தார்கள். ஒத்தையில் ஒரே ஆள்தான். அவள் நெஞ்சில் அன்றைக்கு என்ன இருந்ததோ அது அப்படியே வரும். ஒத்தைப் படம் கூட்டில் ஓடாது, கூட்டுப் படம் ஒத்தையில் ஓடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் கூடத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்க்கிற அளவுக்கு ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

சென்னையின் நான்கு பெரிய ஸ்டுடியோக்களில் இரண்டு கூட்டுப் பக்கம் போயிருந்தன. ஒன்று ஒத்தைப் பக்கம். மிச்சம் தேனருவி. முந்நூறு படங்களின் உரிமை அவர்கள் கையில். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பெட்டி நிற்கும். மற்றது பழைய சாமான் கடைக்குப் போகும். ஆறு மாதமாக இரண்டு கம்பெனிக்காரர்களும் கோதண்டம் வீட்டு வாசலில் மாம்பழக் கூடையோடு காத்துக் கிடந்தார்கள்.

எழிலின் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். பி.எஸ்ஸி. பிசிக்ஸ். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தஸ்தகீர் பாய்க்கு உதவியாளாக, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் தேனருவிக்கு வந்தாள். ஒருநாள் ஃபீல் கொடுக்கிற பெண் வரவில்லை. "நீ உட்காரேன்" என்றார் பாய். உட்கார்ந்தவள் பதினோரு படத்துக்கு எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவிடாமல் அவளைப் பிடித்து வைத்திருந்தது ஜானவி.

ஜானவியும் தேனருவியின் ஃபீல் பொண்ணுதான். அடையாறு. அப்பா டாக்டர். பேசினால் பாதி இங்கிலீஷ், சிரித்தால் முழுசும் பல். எழில் இரண்டாம் நம்பர் அறையில் ஓட்டை மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு ஃபீல் கொடுத்தாள். ஜானவிக்கு ஒன்றாம் நம்பர் அறை, ஏசி. எழில் மின்சார ரயிலில் நசுங்கி வந்தாள். ஜானவிக்குச் சிவப்புக் கார். அதுவும் சரியாக இரண்டாம் நம்பர் அறை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். எழிலுக்கு அந்தக் காரின் நம்பர் மனப்பாடம். சக்கரத்தில் எந்த இடத்தில் கீறல் என்றுகூடச் சொல்வாள். ஜானவி புதிதாக ஒரு கைக்கடிகாரம் கட்டினால் எழிலுக்கு மூன்று நாள் சோறு இறங்காது. இது நல்ல குணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தென்ன? கொசுக்கடியைச் சொறியக் கூடாது என்றுகூடத்தான் எல்லோருக்கும் தெரியும்.

பேர் வேண்டும் என்று கேட்க வந்ததே அதனால்தான். கார் அவளுக்குப் போகட்டும், ஏசி போகட்டும். பேர் மட்டும் தனக்கு வர வேண்டும். அவளுக்கு முன்னால் வர வேண்டும்.

"மேடம், நீங்களே சொல்லுங்க" என்று கோதண்டம் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே ஒத்தைக் கம்பெனியிலிருந்து வந்த நிவேதா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் திரைப்பலகை, முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளின் களை.

"வாழ்த்துகள் எழிலரசி! தேனருவி எங்க பக்கம் வந்தாச்சு. பன்னிரண்டு மணிக்குப் பிரஸ் மீட். அதுக்குக் காரணமே நீங்கதான்."

"நானா?"

"மதுரை, திருநெல்வேலி, ஈரோடுன்னு நாலாயிரம் வீட்டுல போட்டுப் பார்த்தோம். உங்க மழைக் காட்சியைப் பார்த்துட்டு லேடீஸ் பட்டையைக் கழட்டவே மாட்டேங்கிறாங்க. திரும்பத் திரும்பப் பார்க்கிறாங்க. கூட்டுல இது வராது. நாற்பது பேரைக் கலந்தா உங்களோட ஸ்பெஷல் கரைஞ்சுடும்."

"அது இன்னா மேடம், என்னோட ஸ்பெஷல்?"

நிவேதா பலகையைத் திருப்பிக் காட்டினாள். பதினோரு படம், பதினோரு கோடுகள். எழிலுக்கு வரைபடம் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில் ஒரு மேடு எழும்பி, கடைசிவரை இறங்காமல் நின்றது.

"இந்த மேடு. எங்க லேப்ல இதுக்குக் 'காந்தல்'னே பேர் வச்சிருக்கோம். காதல் காட்சியில யாருக்கும் இது வர்றதில்ல. உங்களுக்கு மட்டும் அவ்வளவு தூக்கலா..."

"காதல் ரொம்ப இருக்குன்னு அர்த்தமா?"

"காதலா? இல்லையில்ல. அது பொறாமை."

கோதண்டம் இருமினார். நிவேதா நிறுத்தவில்லை; முதல் மார்க் வாங்குகிறவர்களுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது.

"சுத்தமான பொறாமைங்க. பார்க்கிறவங்களுக்கு அது பொறாமைன்னு தெரியாது. கதாநாயகனை யாரோ பறிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு அடிவயிறு கலங்கும். அதைத் தீராத காதல்னு நினைச்சுக்கிறாங்க."

"மேடம், அவளுக்கு எதுக்கு இந்த லேப் சங்கதியெல்லாம்?" என்றார் கோதண்டம்.

எழிலுக்கு அக்கா பொன்மணியின் ஞாபகம் வந்தது. தங்கை ஃபீல் கொடுத்த படம் என்று சொல்லிச் சொல்லியே ஒத்தைப் பெட்டி வாங்கினவள். சோதனைக்கு விட்ட படங்களில் ஒன்றையும் விடாமல் பார்ப்பாள். இப்போதெல்லாம் படம் முடிந்ததும் எழுந்துபோய்ப் புருஷனின் சட்டைப் பையைத் துழாவுகிறாள். எதிர்வீட்டு ஜமுனாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காரணம், ஜமுனா புதுக் கொலுசு போட்டாளாம். போன வாரம் போனில் கேட்டாள்: "நீ ஃபீல் குடுக்கசொல்லோ இன்னாடி நெனச்சே? எனக்கு வயிறு பத்தி எரியுதுடி. பார்க்காமலும் இருக்க முடில." எழில் அப்போது சிரித்துத் தள்ளிவிட்டாள்.

நாலாயிரம் வீடு. இனிமேல் எத்தனை?

அவள் மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தாள். கீழே நேரம் போட்டிருந்தது. பத்து மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு நேர்கோடு. அது அவளுக்குத் தெரிந்ததுதான்: ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் ஃபீல் பொண்ணு ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். காலைத் தலைவலி, ரயிலில் இடித்தவன்மேல் கோபம், வீட்டுக் கவலை எல்லாம் அதில் பதியும். பிறகு காட்சிப் பதிவிலிருந்து இயந்திரம் அதைக் கழித்துவிடும். கடைக்காரன் எண்ணெயை நிறுத்துவிட்டுத் தூக்கின் எடையைக் கழிப்பதுபோல. மிச்சம் இருப்பதுதான் படத்துக்கு. யூனிட்டில் அதற்குச் 'சும்மா எடுக்கிறது' என்று பேர்.

மேடு தொடங்கிய நேரம் பத்து பத்து. பதினோரு படத்திலும் பத்து பத்து.

பத்து பத்துக்கு என்ன? காபி.

காபியை எடுத்து வருகிறவர் புரொடக்‌ஷன் மேனேஜர் மூர்த்தி. இத்தனை பெரிய ஸ்டுடியோவில் மேனேஜரே ஏன் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தன்மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். தட்டை வைத்துவிட்டு அவர் சும்மா போகமாட்டார். "ஜானவியைச் சிங்கப்பூர் அனுப்புறாங்க, தெரியுமில்ல?" "ஜானவிக்கு முதலாளி வீட்டு விசேஷத்துல முதல் பந்தியாம்." "கீழே பார்த்தியா, புதுக் கார்?" எல்லாச் செய்தியும் காபியோடுதான் வந்தது. சும்மா எடுத்து முடித்த பிறகு, காட்சி தொடங்குவதற்கு முன்னால். முன்னால் வந்திருந்தால் இயந்திரம் கழித்துவிட்டிருக்குமே!

எழிலுக்குக் காது சூடானது. மூன்று வருடமாக அவள் எரிந்தாள். இவர்கள் விறகு போட்டுக் குளிர் காய்ந்தார்கள்.

"இப்ப நான் இன்னா செய்யணும்?" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ரெண்டே வேலை" என்றாள் நிவேதா. "ஒண்ணு, பத்து வருஷ ஒப்பந்தம். உங்க மனநிலை மாறாம இருக்கணும். கல்யாணம், கவுன்சலிங், வீடு மாத்துறதுன்னா எங்களைக் கேட்டுட்டுச் செய்யணும். ஜானவியும் இங்கேயே இருப்பாங்க." கடைசி வாக்கியத்தைச் சர்க்கரை போடுவதுபோலச் சொன்னாள். "இன்னொண்ணு, புதுசா ஒரு சும்மா. பதினோரு படத்தோட கச்சாப் பதிவும் பத்திரமா இருக்கு. இன்னைக்கு எடுக்கிற ஒரே சும்மாவை எல்லாத்துல இருந்தும் கழிச்சு ஒத்தை மாஸ்டர்ல எழுதிடுவோம். எழுதி முடிச்சதும் கச்சா தானா அழிஞ்சுடும். உலகத்துல ஒரே பிரதி! யாரும் திருட முடியாது, திருத்தவும் முடியாது. அதுதான் எங்க பெட்டியோட பெருமை."

"யாராலயும் திருத்த முடியாதா?"

"எங்களாலயே முடியாது."

"போம்மா" என்றார் கோதண்டம் கனிவாக. "பேர் வரப்போகுது, சந்தோஷமா போய் உட்கார்ந்துட்டு வா. மனசுல ஒரு குறையும் இருக்கக் கூடாது. வந்து கையெழுத்துப் போடு."

அப்போதுதான் அவளுக்கு அவருடைய தாராளமும் புரிந்தது. இன்றைக்குச் சும்மாவில் பொறாமை இருக்கக் கூடாது. இருந்தால் பதினோரு படத்திலும் கழிந்துவிடும். அவள் குளிர்ந்த மனதோடு உட்கார வேண்டும். அதற்காகத்தான் கேட்டவுடனே கொடுத்தார். பேரும் ஒரு காபிதான்.

"சரி சார்" என்று எழுந்தாள்.

இரண்டாம் நம்பர் அறைக்குப் போகிற வழியில் ஒன்றாம் நம்பர் அறை வாசலில் ஜானவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கங்க்ராட்ஸ்" என்றாள், தலையைத் தூக்காமல். "உன் பேரைப் போடறாங்களாமே."

"யாரு சொன்னது?"

"மூர்த்தி சார். இப்பதான். காபி கொண்டு வந்தார்."

எழில் நின்றுவிட்டாள். "நேரம் இன்னா அப்போ?"

"எதுக்கு? சும்மா எடுத்து முடிச்சோம், காபி வந்தது. இன்னும் ஷாட் ஆரம்பிக்கல. என்னால முடியலைன்னு வெளியே வந்துட்டேன்."

"எப்பவுமே என்னப்பத்தித்தான் பேசுவாரா?"

ஜானவி சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு. எழில் அதைப் பார்த்ததே இல்லை. "ஒன்பது படமா எனக்கு நீதான் காபி. வந்து சொல்வார்: எழில் ஒரே டேக்ல அழுதுட்டா, உனக்கு ஒன்பது டேக். எழில் மெஷினையே பிரிச்சு மாட்டுவா, உனக்குக் கரண்டி பிடிக்கவே ஆள் வேணும். எழிலுக்கு நிஜமான வலி இருக்கு, உனக்கு என்ன இருக்கு, ஏசிதானே? இப்படியே." மூக்கை உறிஞ்சினாள். "கஷ்டப்பட்ட குடும்பம் இல்லையா, உனக்கு அதெல்லாம் ஈஸியா வரும்."

"ஈஸியா வருதா? வந்து மூட்டை தூக்கிப் பாரு, ஈஸியா வரும்."

"பார்த்தியா, இப்பக்கூட எவ்வளவு நல்லா கோபம் வருது உனக்கு."

எழிலுக்கு அறையலாம் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்காரலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"கார் யாருது?"

"எந்தக் கார்? அந்த சிவப்பா? கம்பெனியோடது. உனக்கு ரெக்கார்டிங் இருக்கிற நாள்ல மட்டும் வீட்டுக்கு வரும். உன் ஜன்னலுக்குக் கீழ இறக்கிவிடுவாங்க. மத்த நாள் நான் பஸ்தான். ஏன்னு கேட்டேன், சும்மா ஒரு கெத்துக்குன்னார். இன்னைக்கு உன்னை வரச் சொல்லலையே, வாசல்லயே ஓரமா நிக்குது பாரு."

"சிங்கப்பூர்?"

"நான் எங்க போனேன் சிங்கப்பூர்?"

ஜானவி மந்தமானவள் இல்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "நான் எழுந்து போயிட்டா உன்னை வச்சுப்பாங்க. நீ போயிட்டா என்னை" என்றாள். "அதுக்குத்தான் ரெண்டு பேரு, இல்ல?"

எழில் இரண்டாம் நம்பர் அறைக்குள் போனாள்.

தஸ்தகீர் பாய் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கேட்டுட்டியாமே! வேலைக்கு உலை வச்சுக்கப் போறேன்னு நான் துவா பண்ணிட்டு இருந்தேன். சரின்னுட்டாராமே. சாப்பிட்டியா?"

"நாலு இட்லி. இன்னைக்கு ரெக்கார்டிங்னு யாரும் சொல்லல."

"அடடா." பாய் தாடியைச் சொறிந்தார். பதிவு நாளில் ஃபீல் பொண்ணுக்கு முதல் நாள் இரவிலிருந்தே சாப்பாடு கிடையாது. வயிறு வேலை செய்தால் நெஞ்சில் மந்தம் தட்டும் என்பது இங்கே சட்டம். காட்சி முடிய மதியம் இரண்டு ஆகும். அதுவரை காபி ஒன்றுதான். "பரவாயில்ல, அஞ்சு நிமிஷம் சும்மாதானே. உட்காரு."

பட்டையை நெற்றியில் கட்டிவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

எழில் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருடத்தில் சும்மா உட்காரும்போதெல்லாம் எதையும் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறாள். இன்றைக்குக் கூப்பிட்டாள். வா என்றாள். சிவப்புக் கார் வந்தது. கீறல் விழுந்த சக்கரம் வந்தது. அந்தக் கார் ஜானவியுடையது இல்லை என்று இப்போது தெரியும். அதனால் ஒன்றும் குறையவில்லை. பொய்க் காருக்காக இத்தனை நாள் வெந்தோமே என்று எரிச்சல் இன்னும் ஏறத்தான் செய்தது. ஏசிக் காற்று வந்தது. அடையாற்று வீட்டு மாடி வந்தது, அவள் பார்க்காத மாடி. கேள்வி கேட்காமலே ஜானவிக்கு நாற்காலி போட்ட எல்லாரும் வந்தார்கள். காலேஜில் முதல் நாள், இவளுடைய இங்கிலீஷுக்குத் திரும்பிப் பார்த்த முப்பது தலைகளும் வந்தன. எரிச்சல் அடிவயிற்றில் தொடங்கி, விலா ஏறி, தொண்டையில் வந்து நின்றது. ஒன்றையும் தள்ளவில்லை. ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை.

பாயின் கை பொத்தானுக்கு மேலே நின்றது. திரையில் மேடு கூரையைத் தொட்டிருந்தது. அவருக்கு இந்த இயந்திரத்தில் இருபது வருடப் பழக்கம்.

"எழிலு," என்றார் மெதுவாக, "என்னம்மா நினைக்கிறே?"

"சும்மா இருக்கேன் பாய்."

"இது சும்மா இல்லையேம்மா. வேணும்னா மறுபடி எடுக்கலாம்."

"வேணாம். இதுதான் என்னோட சும்மா. மூணு வருஷமா இப்படித்தான் இருக்கேன். அவங்கதான் சரியா எடுக்கல."

பாய் அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கீழே கார் வருகிற நாட்கள் அவருக்கும் தெரிந்துதானே இருந்திருக்கும்? எழில் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டி வரும், இல்லையென்றால் உண்மையை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். மாஸ்டர் உறுமியது. பதினோரு படத்தின் பேரும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து, கழிந்து, எழுதப்பட்டு, கச்சா அழிந்தது என்று சொல்லி மறைந்தது.

"என்ன மிச்சம் இருக்குன்னு பார்க்கட்டுமா?" என்றார்.

"பாருங்க."

அவர் தன் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு மழைக் காட்சியை ஓடவிட்டார். நாலாயிரம் வீடுகள் அழுத காட்சி. கதாநாயகி மழையில் நனைந்தபடி கதாநாயகனை நோக்கிக் கை நீட்டுகிறாள். எழில் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது இருக்கும் என்று ஒரு மூலையில் நம்பினாள். இத்தனை எரிச்சலுக்கு அடியில், கொஞ்சமாவது, யார்மேலாவது.

பாய் பட்டையைக் கழற்றினார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"பசிக்குதும்மா" என்றார்.

"இன்னா?"

"பசி. வேற ஒண்ணுமே இல்ல. நல்ல பசி. காலையிலேர்ந்து சாப்பிடாத பசி."

எழிலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதினோரு படமும் வெறும் வயிற்றோடு கொடுத்தது. பழைய சும்மாக்களில் அந்தப் பசியும் இருந்தது, கழிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு நான்கு இட்லி சாப்பிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். கழிக்கப் பசி இல்லை. பொறாமை முழுக்கப் போய்விட்டது. பசி முழுக்கத் தங்கிவிட்டது. காதல் என்று அதில் ஒருநாளும் ஒன்றும் இருந்ததே இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் நெற்றியில் பட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். மழை கொட்டும், வயலின் அழும், அறை முழுக்க எல்லோரும் சாப்பாடு எப்போது என்று யோசிப்பார்கள். ஒரே பிரதி. திருத்த முடியாது. மீஞ்சூரில் அக்கா பொன்மணி அதிலிருந்து எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சட்டைப் பையை விட்டு, நேரே சமையலறைக்குப் போய்ச் சட்டியைத் திறப்பாள்.

"கூட்டுதான் ஜெயிக்கும் இனிமே" என்றார் பாய். "அதுல யாருக்கும் பேரு கிடையாது, தெரியுமில்ல? உனக்கு வேலையும் இருக்காது."

"தெரியும் பாய். உங்களை இன்னா சொல்லுவாங்க?"

"எனக்கென்ன? சும்மா எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்."

வெளியே ஜானவி இன்னும் அங்கேயே இருந்தாள். எழில் அவளைத் தாண்டி நாலடி போய்த் திரும்பி வந்தாள்.

"உன்னையும் சும்மாவுக்கு உட்காரச் சொல்லுவாங்க. நாளைக்கோ நாளன்னைக்கோ."

"சரி?"

"உட்காரும்போது என்னை நெனச்சுக்கோ. நல்லா திட்டு. ஒண்ணையும் பாக்கி வைக்காதே. எல்லாத்தையும் அந்த அஞ்சு நிமிஷத்துலயே தீத்துடு."

ஜானவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு நிமிஷம் பத்தாது" என்றாள்.

"எனக்கும் பத்தல."

மாடிப்படியில் மூர்த்தி எதிரே வந்தார். கையில் தட்டு, தட்டில் ஒரே டம்ளர். "எங்கம்மா கிளம்பிட்டே? முதலாளி பேனாவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கார். காபி குடிச்சுட்டுப் போயேன்."

"இன்னைக்கு இன்னா செய்தி அண்ணே?"

மூர்த்தி திகைத்தார். "செய்தியா? ஒண்ணுமில்லையே."

"அப்ப நீங்களே குடிங்க."

கீழே பத்திரிகைக்காரர்களின் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. தேனருவி வாசலில் வாழைமரம் கட்டி, 'ஒத்தையுடன் கைகோக்கிறோம்' என்று பேனர் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கீழ்மூலையில் அவள் பேர் புதுச் சாயத்தில், பெரிய எழுத்தில் இருந்தது. அவள் கேட்க வருவதற்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். ஓவியக்காரன் 'எழிலரசி'யின் சுழிகளை நன்றாகத்தான் போட்டிருந்தான். ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். நிற்காமல் போக அவளால் முடியவில்லை.

பேனருக்கு அப்பால் சிவப்புக் கார் நின்றது. யாருடையதும் இல்லாத கார். வெயிலில் பளபளவென்று. அதைப் பார்த்ததும் அடிவயிற்றில் பழைய இடத்தில் பழையபடி சுரீரென்றது. போகவில்லை அது, இயந்திரம் படத்திலிருந்துதான் கழித்தது. அவளிடமிருந்து இல்லை.

இருக்கட்டும் என்று விட்டாள். இன்றைக்கு இதை யாரும் பதிவு செய்யவில்லை.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். "கேட்டியாமே, பேரு? குடுத்துட்டாங்களா?"

"குடுத்தாங்க" என்றாள் எழில். "வச்சுட்டு வந்துட்டேன்."